காலி மனையும் கைக்குழந்தையும்

மகப்பேற்று நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு. ஆனால் இங்கே அங்கன்வாடியில் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் உட்காரவைக்க இரண்டு வயது நிறைய வேண்டும். அதற்கு முந்திய வயதுக்கு அங்கிருந்து கிடைப்பது சத்துமாவு, எடை பார்த்தல், தடுப்பூசிக்கு நினைவூட்டல். ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவே பதினெட்டு மாதம் இருக்கிறது. அதைப் பாட்டியும் அக்காவும் பக்கத்து வீடும் சுமக்கின்றன. பாட்டியும் கூலிக்குப் போகிற குடும்பத்தில் அக்காவின் படிப்பு நிற்கிறது. அக்கா இல்லாத குடும்பத்தில் தாயின் வேலை நிற்கிறது. சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களுக்கு அந்த 26 வாரமும் இல்லை. பிள்ளை தலை நிற்குமுன்பே திரும்பிவிடுகிறார்கள்.

இந்தப் பதினெட்டு மாதத்துக்கு ஒரு விடை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது: ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு பொது நிலமும் பொதுக் கட்டடமும் பயனின்றிக் கிடக்கின்றன, அவற்றைக் குழந்தைகள் காப்பகமாக்கலாம். கேட்கும்போதே நியாயமாகப் படுகிற யோசனை. எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் எந்த நிலம், யாருக்குப் பயனின்றிக் கிடக்கிறது, எத்தனை ஆண்டுக்கு, அங்கே பிள்ளையைத் தூக்கிவைத்திருக்கப்போவது யார் என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் தொடங்கியவை பெரும்பாலும் பூட்டில் முடிந்திருக்கின்றன. நம் ஊர் அனுபவத்தையும் வெளியூர் அனுபவத்தையும் சேர்த்துவைத்து இந்தக் கேள்விகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காப்பகம் வைக்கும் கடமையைச் சட்டம் நெடுங்காலமாக முதலாளியிடமே கொடுத்துவந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பின்னர் திருத்தப்பட்டபடி, முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டமும், 1996இல் கட்டடத் தொழிலாளர் சட்டமும் தத்தம் கணக்கில் அதையே சொல்லின. 2017 திருத்தம் ஐம்பது ஊழியர் உள்ள எல்லா நிறுவனங்களுக்கும் அதை விரித்தது. எண்ணிக்கையைச் சொல்லிக் கடமை விதிக்கும்போது அந்த எண்ணிக்கைக்குக் கீழே நிற்பவர்கள் அத்தனை பேரும் வெளியே போய்விடுகிறார்கள். முப்பது பேர்கூட இல்லாத தையல் பட்டறை, நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர், நடவுக்குப் போகிறவர், பூக்கட்டி விற்பவர் யாருக்கும் இந்தச் சட்டங்களில் இடமில்லை. அதோடு, வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருந்தால் பிள்ளையைக் கூட்ட நேரப் பேருந்தில் தூக்கிப்போக வேண்டும். ஆகவே இவர்களுக்கான காப்பகம் வீட்டுக்குப் பக்கத்தில், பொதுச் செலவில் இருந்தாக வேண்டும். அங்கேதான் நிலம் என்ற கேள்வி எழுகிறது.

தமிழ்நாட்டில் பொது நிலம் என்பது ஒரே வகை நிலம் அல்ல. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டைப் புரட்டினால் நத்தம், களம், மந்தை, மேய்ச்சல், பாதை, வாய்க்கால், ஏரி, சுடுகாடு, தரிசு, அனாதீனம் என்று ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல், களம், மந்தை, இடுகாடு, தோப்பு போன்றவற்றைக் கிராம ஊராட்சியின் பொறுப்பில் விடுகிறது. வெளியிலிருந்து வந்து பார்க்கும் அலுவலருக்கு இவற்றில் பாதி வெறும் பொட்டலாகத் தெரியும். வைகாசியில் வந்தால் களத்துமேட்டில் ஈ காக்கை இருக்காது. தை மாதம் வந்தால் அங்கே நடக்க இடமிருக்காது. இன்றைக்கே நெல்லையும் உளுந்தையும் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைக்கிறார்கள், களம் போதாமல். மேய்ச்சல் புறம்போக்கு யாருக்கும் உதவாத முள்காடாகத் தெரியும். சொந்த நிலமில்லாத, கணவனை இழந்த ஒரு பெண் வளர்க்கும் எட்டு ஆடு அந்த முள்காட்டைத்தான் நம்பியிருக்கிறது. அவளுடைய பேரப்பிள்ளைக்குக் காப்பகம் கட்டுவதாகச் சொல்லி அவளுடைய பிழைப்பை எடுத்துவிட முடியும். அந்தப் பொருத்தமின்மை கோப்பில் எங்கும் பதிவாகாது. நில மாற்றத்துக்கு முன் ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு ஒட்டுவார்கள். ஆடு மேய்ப்பவர்கள் அந்த அறிவிப்புப் பலகை பக்கம் போவது அரிது.

நீர்நிலை இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது ஆண்டில் எட்டு ஒன்பது மாதம் காலி மைதானமாகவே காட்சி தரும். மாம்பலத்துப் பெரிய ஏரி 1920களில் தியாகராய நகரானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பொது நன்மை என்ற பெயரிலேயே ஏரிகள் போயின. 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் குளம் குட்டைகளை ஒதுக்கீடு செய்யக் கூடாது என்றது. 2007இல் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புக்குத் தனிச் சட்டமே போட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. தவழும் பிள்ளைகள் இருக்கும் கட்டடத்தை ஏரிக்கரைக்குள் வைப்பது எந்த வாதத்தாலும் நியாயமாகாது. ஆனாலும் ஆட்சேபணையில்லாத புறம்போக்கு தீர்ந்துபோன ஊர்களில் மனு முதலில் நீள்வது ஏரி உள்வாயை நோக்கித்தான்.

நகரத்தில் நிலைமை வேறு. அங்கே பொது நிலம் புதிதாக உண்டாகிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போடுகிறவர் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித்தர வேண்டும். இதைப் பேச்சுவழக்கில் ஓஎஸ்ஆர் நிலம் என்கிறார்கள். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ளவர் நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டலாம். தானமாக வந்த நிலங்களில் பல, சுற்றுச்சுவர் இல்லாமல் கருவேலம் முளைத்து, கடைசியில் யாரோ ஒருவரின் வண்டி நிறுத்துமிடமாகிவிடுகின்றன. குடியிருப்பின் நடுவே, நடந்துபோகும் தூரத்தில், வில்லங்கமில்லாமல் இருக்கும் இந்த நிலம்தான் காப்பகத்துக்கு ஏற்றது என்று தோன்றும். ஆனால் அது திறந்தவெளியாக இருப்பதற்காகவே வாங்கப்பட்ட நிலம். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை முதலமைச்சரின் ஆணையால் ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளைக்குக் கொடுத்ததை 1991இல் முத்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மருத்துவமனையும் பொதுநன்மைதானே என்ற வாதம் எடுபடவில்லை. அந்தத் தீர்ப்பு சரியானது. மரத்தடிக்காக வாங்கிய நிலத்தில் ஒரு நல்ல காரியத்துக்கு இடம் கொடுத்தால், அடுத்த நல்ல காரியம் அதே வாசலில் வந்து நிற்கும்.

2011இல் ஜக்பால் சிங் வழக்கில் கிராமப் பொதுநிலத்து ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்ன அதே நீதிமன்றம், ஏற்கெனவே அந்த நிலத்தில் பள்ளி, மருந்தகம் போன்ற பொதுப் பயன்பாடு இருந்தால் விதிவிலக்காகக் கருதலாம் என்றது. அதாவது இருப்பதை இடிக்க வேண்டாம் என்றது. புதிதாகப் போய்க் கட்டலாம் என்று அதைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை.

பூங்காவுக்கும் காப்பகத்துக்கும் நடுவே உள்ள இந்த இழுபறியை உலகத்தில் மிகத் தெளிவாக, வெளிப்படையாக நடத்திப் பார்த்த ஊர் டோக்கியோ.

ஜப்பானில் காப்பகத்தில் இடம் கேட்டு விண்ணப்பித்துக் காத்திருக்கும் குழந்தைகளை ஒவ்வோர் ஏப்ரலிலும் எண்ணி வெளியிடுகிறார்கள். 2016இல் நாடு முழுக்க 23,553 குழந்தைகள். டோக்கியோவில் மட்டும் 8,466. பிள்ளைக்கு இடம் கிடைக்காத ஒரு தாய் பெயர் சொல்லாமல் எழுதிய கோபக் குறிப்பு அந்த ஆண்டு நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட்டது. பெற்றோர் வீதிக்கு வந்தார்கள். பணம் ஒதுக்கினாலும் நிலம் கிடைக்கவில்லை. கிடைத்த இடங்களில் அக்கம்பக்கத்தார் சத்தம் வரும் என்று எதிர்த்தார்கள். சிபா மாநிலத்தின் இச்சிகாவா நகரில் திறக்கவிருந்த காப்பகம் 2016இல் அந்த எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டே டோக்கியோ தன் சுற்றுச்சூழல் விதியைத் திருத்தி, பள்ளி செல்லும் வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் குரலை ஒலி அளவு வரம்பிலிருந்து விலக்கியிருந்தது. ஜெர்மனி 2011இலேயே குழந்தைகளின் சத்தத்தைத் தீங்கான சத்தமாகக் கொள்ளக் கூடாது என்று சட்டத்தில் எழுதிவிட்டது. பிள்ளைகளின் குரலுக்குச் சட்டப் பாதுகாப்பு தேவைப்படும் அளவுக்கு நகரங்கள் வந்துவிட்டன என்பது வருத்தமான செய்தி. பாதுகாப்பு கொடுத்தார்கள் என்பது நல்ல செய்தி.

1956ஆம் ஆண்டின் நகரப் பூங்காச் சட்டப்படி பூங்காவில் காப்பகம் கட்ட முடியாமல் இருந்தது. 2015இல் சிறப்பு மண்டலங்களுக்கு மட்டும் அது தளர்த்தப்பட்டது. 2017 ஏப்ரலில் அரகாவா வட்டத்தின் ஷியோயிரி பூங்காவிலும், செட்டகாயா வட்டத்தின் சோஷிகயா பூங்காவிலும் காப்பகங்கள் திறந்தன; அதே ஆண்டு புகழ்பெற்ற யோயோகி பூங்காவிலும் ஒன்று வந்தது. 2017இல் சட்டமே திருத்தப்பட்டு நாடு முழுதுக்கும் வழி திறந்தது. திறந்த விதத்தில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. பூங்காவின் திறந்தவெளியில் முப்பது விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. அனுமதி பத்தாண்டுக்கு மிகாமல்தான், வேண்டுமானால் புதுப்பிக்கலாம். நிலம் பூங்காவாகவே பதிவேட்டில் தொடரும். காப்பகம் அங்கே குடியிருப்பாளர், உரிமையாளர் அல்ல.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஜப்பானிய விதிப்படி இரண்டு வயது நிறைந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 3.3 சதுர மீட்டர் வெளிமுற்றம் வேண்டும். முற்றம் இல்லாத காப்பகம் பக்கத்துப் பூங்காவைக் கணக்கில் காட்டிக்கொள்ளலாம். அதனால் டோக்கியோவில் நிறையக் காப்பகங்கள் காலையில் பிள்ளைகளைத் தள்ளுவண்டிகளில் நிற்கவைத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போகின்றன. பூங்கா ஏற்கெனவே காப்பகத்தின் முற்றமாகத்தான் இருந்தது. அந்த முற்றத்திலேயே கட்டடம் எழுப்பினால் சுற்றியுள்ள மற்றக் காப்பகங்களின் முற்றம் சுருங்கும்.

சுகினாமி வட்டத்தில் இது வெடித்தது. 2016 ஏப்ரலில் வட்ட நிர்வாகம் காப்பக நெருக்கடி நிலை என்றே அறிவித்து, குகயாமா ஹிகாஷிஹரா பூங்கா உட்படச் சில பூங்காக்களின் இடத்தை எடுக்க முடிவுசெய்தது. விளக்கக் கூட்டங்களில் ஆத்திரம் பொங்கியது. எங்கள் பிள்ளைகள் ஓடியாட இருந்த இடம் அதுதான் என்று கேட்டவர்களிலும் தாய்மார் இருந்தார்கள். பிள்ளைகளுக்காக ஒரு பக்கமும் பிள்ளைகளுக்காக மறுபக்கமும் நின்ற சண்டை அது. கட்டடங்கள் வந்தன, காத்திருந்தோர் எண்ணிக்கை சுகினாமியில் 136இலிருந்து அடுத்த ஆண்டு 29 ஆகி, 2018இல் இல்லாமலே போயிற்று. எண்ணிக்கையைப் பார்த்தால் நிர்வாகம் வென்றது. ஆனால் முடிவு செய்த பிறகு கூட்டம் கூட்டியது தவறு என்பது என் எண்ணம். முன்கூட்டியே கேட்டிருந்தால் எந்த மூலையை எடுப்பது, மாற்று மைதானம் எங்கே என்று அந்த மக்களே பேசியிருப்பார்கள்.

இந்தக் கதையின் பின்பாதியைப் பலர் சொல்வதில்லை. நாடு தழுவிய காத்திருப்புப் பட்டியல் 2024இல் 2,567க்கு இறங்கிவிட்டது. பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்ற வரையறையில் சர்ச்சை உண்டென்றாலும் இறக்கம் உண்மை. புதிய காப்பகங்கள் ஒரு காரணம். பிள்ளைகள் குறைந்துபோனது மற்றொரு காரணம்: 2016இல் சுமார் 9,77,000 பிறப்புகள், 2024இல் சுமார் 6,86,000. ஆள் சேராத காப்பகங்கள் என்ற புதிய கவலை இப்போது எழுந்திருக்கிறது. அந்தப் பத்தாண்டு வரம்பை எழுதிவைத்தவர்கள் எவ்வளவு தொலைநோக்கோடு எழுதினார்கள் என்பது இப்போது தெரிகிறது.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. வீட்டுவசதி வாரிய அடுக்குமாடிகளின் தரைத்தளத்தைச் சுவரின்றித் திறந்தே விடும் வழக்கம் அங்கே 1960களிலேயே தொடங்கியது. கல்யாணமும் துக்கமும் முதியோர் சதுரங்கமும் அங்கேதான் நடக்கும். அந்தத் தரைத்தளங்களின் ஒரு பகுதியை மூடிக் குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் அமைத்தார்கள். மின்தூக்கியில் இறங்கினால் காப்பகம். பேருந்துக்குப் போகும் வழியில் பிள்ளையை விட்டுப் போகலாம். நிலமே எடுக்காமல், ஏற்கெனவே இருந்த கூரைக்கடியில் இடம் கண்டுபிடித்தார்கள். சென்னையின் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடிகளை எழுப்பியபோது இந்தத் தரைத்தளத்தை நினைத்திருந்தால், நகருக்குள் வீட்டு வேலைக்கு விடியற்காலையிலேயே பேருந்து ஏறும் அந்தப் பெண்களின் வாழ்க்கை எவ்வளவோ இலகுவாகியிருக்கும். நகரத்தின் நடுவிலிருந்து அவர்களைப் பெயர்த்துக் கொண்டுபோனதில் பாட்டியும் பக்கத்து வீடும் சிதறிப்போயின. அங்கே காப்பகம் அரசு பட்ட கடன்.

கூரை இருக்கும் இடத்தில் தொடங்குவது என்பதைக் கர்நாடகம் 2023இல் கிராமங்களில் கையில் எடுத்தது. கூசின மனெ, அதாவது குழந்தையின் வீடு, என்ற பெயரில் 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் காப்பகம் என்று இலக்கு வைத்து, ஊரகவேலைத் திட்டத்தில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளை முன்னிறுத்தியது. பயன்படாமல் கிடந்த அரசுக் கட்டடங்களைப் பழுதுபார்த்து, அதே ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பராமரிப்பாளர்களாக்கினார்கள். 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டமே வேலைத்தளத்தில் ஐந்து சிறு பிள்ளைகள் வந்துவிட்டால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்த வேண்டும் என்று சொல்லியிருந்தது. ஏரிக்கரை மரத்தடியில் தூளி கட்டி ஒருவர் ஆட்டிக்கொண்டிருப்பதோடு அது பெரும்பாலும் முடிந்தது. கர்நாடகம் அந்தத் தூளியைக் கூரைக்கடியில் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் கூரைக்குப் பஞ்சமில்லை. அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006 முதல் ஐந்தாண்டில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். பிறகு சேவை மையக் கட்டடம், வறுமை ஒழிப்புச் சங்கக் கட்டடம் என்று வரிசையாக வந்தன. இவற்றில் பல ஊர்களில் திறப்பு விழாக் கல்வெட்டு பளிச்சென்றும் கதவு துருப்பிடித்தும் நிற்கின்றன. பிறப்பு குறைந்ததால் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பறைகள் மிஞ்சுகின்றன. என்னைக் கேட்டால் பள்ளி வளாகமே முதல் தேர்வு. சுற்றுச்சுவர், குடிநீர், சத்துணவுச் சமையலறை எல்லாம் இருக்கிறது. அக்காவும் அண்ணனும் அதே வளாகத்தில் படிக்கிறார்கள். அக்கா இனி வீட்டில் நின்றுவிட வேண்டியதில்லை. 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியபோது இந்த வழி ஓரளவு சோதித்தும் பார்க்கப்பட்டது.

தடை எங்கே வருகிறது என்றால், கட்டடம் ஒரு துறையுடையது, பிள்ளைகள் இன்னொரு துறையுடையவர்கள். மின்கட்டணம் யார் கட்டுவது, சுவர் வெடித்தால் யார் பார்ப்பது, விடுமுறை நாளில் சாவி யாரிடம் என்பதில் தலைமையாசிரியருக்கும் அங்கன்வாடி டீச்சருக்கும் இடையே எழுத்தில் எதுவும் இருக்காது. சமுதாயக் கூடத்தில் இடம் கொடுத்தால் முகூர்த்த நாள்தோறும் தொட்டிலைக் கழற்ற வேண்டும். இரவல் இடத்தில் இருக்கும் காப்பகத்துக்கு முதலில் எழுத்தில் தர வேண்டியது, அதை யாரும் திடீரென்று வெளியேற்ற முடியாது என்ற உறுதி.

பழைய கட்டடத்தின் ஆபத்தை நாம் மறக்கவே கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கூரைத் தீயில் போனார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஓடத் தெரிந்த பிள்ளைகளுக்கே அந்தக் கதி. தவழும் பிள்ளை ஓடாது. ஆயா ஒரு கையில் ஒன்றும் மறு கையில் ஒன்றுமாகத்தான் தூக்கி வெளியே வர முடியும். அதனால் மாடி கூடாது. வாசற்படியிலிருந்து சாலை தெரியக் கூடாது. மூடியில்லாத தண்ணீர்த்தொட்டி, பக்கத்தில் மின்மாற்றி, கைப்பிடிச்சுவரில்லாத கிணறு ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். உறுதிச் சான்று வாங்க மூன்று மாதம் ஆகும் என்றால் மூன்று மாதம் காத்திருக்கலாம்.

இடம் பற்றிய பேச்சில் சாதியைச் சொல்லாமல் போனால் அது பொய்யாகிவிடும். ஊருக்குள் இருக்கும் மையத்துக்குக் காலனிப் பிள்ளை வர முடியாமலும், காலனியில் இருக்கும் மையத்துக்கு ஊர்ப் பிள்ளையை அனுப்பாமலும் இருக்கும் ஊர்கள் இன்னும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று அங்கன்வாடிகளை 14 லட்சமாக உயர்த்தச் சொன்னபோது, பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை வேண்டும் என்றது. நாற்பது சிறு பிள்ளைகள் இருந்தால் கேட்ட மாத்திரத்தில் மையம் தர வேண்டும் என்றும் சொன்னது. காலியாக இருக்கிற கட்டடத்தை எடு என்ற விதி இந்த முன்னுரிமையோடு மோதும், ஏனென்றால் காலிக் கட்டடங்கள் பெரும்பாலும் ஊருக்குள்தான் இருக்கின்றன. அந்த மோதலில் முன்னுரிமைதான் நிற்க வேண்டும். பொதுக் கட்டடமே இல்லாத குடியிருப்புக்குப் புதிதாகக் கட்டித்தரத்தான் வேண்டும், அடுத்த தெருவில் நாலு கட்டடம் பூட்டிக் கிடந்தாலும்.

இனிப் பணம். 600 சதுர அடி அங்கன்வாடிக் கட்டடத்துக்கு அண்மைக் கால அரசுக் கணக்கு 12 லட்சம் ரூபாய். 2017இன் தேசியக் காப்பகத் திட்டம் 25 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்று வைத்து, பணியாளருக்கு மாதம் 3,000, உதவியாளருக்கு 1,500 என்று மதிப்பூதியம் நிர்ணயித்தது. அந்தத் தொகையைக் குறிப்பிடவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஜப்பானில் ஒரு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர். ஒன்று, இரண்டு வயதில் ஆறு பேருக்கு ஒருவர். அந்த அளவுக்குப் போக வேண்டாம். 25 பிள்ளைகளுக்கு மூன்று பேரை அமர்த்தி ஆளுக்கு மாதம் 12,000 கொடுத்தால்கூட ஆண்டுக்கு 4,32,000 ரூபாய். மூன்றே ஆண்டில் அது கட்டடச் செலவைத் தாண்டிவிடும். கிராமத்தில் நிலம் இலவசமாகக் கிடைப்பதால் மிச்சமாவது மொத்தச் செலவில் சிறு பங்குதான். சம்பளத்துக்கு வழி செய்யாமல் நிலத்தை மட்டும் காட்டித் திட்டம் தொடங்குகிறவர்கள், பிறகு நேரத்தைக் குறைப்பார்கள், ஆளைக் குறைப்பார்கள், கைக்குழந்தை வேண்டாம் என்பார்கள். அப்படித்தான் காப்பகம் மெல்ல மெல்லப் பகலுணவு மையமாகிறது. காலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறுகிறவளுக்கு ஒன்பது மணிக்குத் திறக்கும் கதவால் என்ன பயன்?

சென்னை, கோவை, திருப்பூர் என்று வந்தால் கணக்கு தலைகீழ். அங்கே தனியார் இடத்துக்கு வாடகை கொடுத்து 25 பிள்ளைகளுக்கு மையம் நடத்தினால் வாடகையே சம்பளத்தை விழுங்கிவிடும். இந்தியத் தேசிய வழிகாட்டுதல் ஒரு பிள்ளைக்குக் குறைந்தது 10 முதல் 12 சதுர அடி என்கிறது. ஜப்பானில் தவழும் பிள்ளைக்கு ஏறத்தாழ 35 சதுர அடி. நம் நகரங்களில் அந்தப் பத்து சதுர அடிக்கே திண்டாட்டம். ஆகவே பொது இடம் உயிர்நாடியாக இருப்பது நகரத்தில். அது மிகக் குறைவாக இருப்பதும் நகரத்தில். மாநகராட்சிப் பள்ளிகளின் மிஞ்சிய வகுப்பறைகள், வார்டு அலுவலகங்களின் தரைத்தளங்கள், வாரியக் குடியிருப்புகளின் படிக்கட்டு ஓரங்கள், பேருந்துப் பணிமனை வளாகங்கள் இவை அத்தனையையும் பட்டியலிட்டுத் தீர்த்த பிறகே பூங்காவின் பக்கம் திரும்ப வேண்டும்.

திரும்ப வேண்டிய நிலை வந்தால் தற்காலிகத்தை நம்பலாம் என்பதற்கு இந்தியாவிலேயே முன்மாதிரி உண்டு. 1969இல் டெல்லியில் காந்தி நூற்றாண்டுக் கட்டுமானம் நடந்த இடத்தில், மண்ணில் கிடந்த கூலிப்பெண்களின் பிள்ளைகளைக் கண்டு மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கியது மொபைல் கிரெச்சஸ் அமைப்பு. கட்டடம் எழும்வரை காப்பகம் அங்கே. வேலை முடிந்ததும் அடுத்த தளத்துக்குப் போய்விடும். அரை நூற்றாண்டுக்கு மேலாக அது நடக்கிறது. இடம் நிலையில்லாதபோதும் பராமரிப்பு தொடர்ந்தது, காரணம் ஆட்களுக்குப் பயிற்சி இருந்தது, அமைப்பு இருந்தது.

தமிழ்நாட்டின் கருவள விகிதம் 2020 கணக்கெடுப்பில் 1.4. இன்றைக்குப் பள்ளி வகுப்பறையை மிஞ்சவைத்த அதே இறக்கம் பதினைந்து ஆண்டில் காப்பகத்தையும் மிஞ்சவைக்கும் ஊர்கள் இருக்கும். அந்த ஊர்களில் அப்போது முதியோருக்குப் பகல்நேர இல்லம் தேவைப்படும். தாழ்ந்த படி, வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, தரைத்தளக் கழிப்பறை என்று பிள்ளைகளுக்குச் செய்கிற அதே வேலை முதியோருக்கும் பொருந்தும். வரைபடம் போடும் பொறியாளரிடம் இதை இன்றே சொல்லிவிடலாம். திறந்தவெளி நிலத்தில் கட்ட நேர்ந்தால், முப்பது விழுக்காட்டுக்கு மேல் எடுப்பதில்லை, பத்தாண்டுக்கு ஒருமுறை கிராமசபையோ வார்டு சபையோ கூடித்தான் நீட்டிப்பது, நீட்டிக்காவிட்டால் நிலம் மரத்தோடும் மண்ணோடும் பழையபடி உள்ளாட்சியிடம் திரும்புவது என்ற மூன்று நிபந்தனைகளும் நில மாற்ற ஆணையிலேயே இருக்க வேண்டும். அவை இல்லாத கோப்பில் ஊராட்சித் தலைவரோ வார்டு உறுப்பினரோ கையெழுத்திடக் கூடாது.